கொலைநகரில் ஒரு கவிதை விழா

செய்தி மேசையில் இரவுக் கடமை பார்த்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. உலகின் ஒவ்வோர் ஊரையும் அதன் ஒரேயொரு குணத்தைக் கொண்டே நினைவில் வைத்திருப்பார்கள். பெய்ரூத் என்றால் கார்க்குண்டு. போபால் என்றால் நச்சுவாயு. கொலம்பியாவின் மெதெயின் என்றால் போதைப்பொருளும் கொலையும். அந்நாளில் நாங்கள் ஆங்கில எழுத்தைப் பார்த்து அவ்வூரை 'மெடலின்' என்றே எழுதினோம். ஸ்பானிய மொழியில் அது வேறு விதமாக ஒலிக்கும் என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே நான் அறிந்துகொண்டேன். ஓர் ஊரின் பெயரைக்கூடச் சரியாக உச்சரிக்கத் தெரியாமல் அதன் பிணங்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தோம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஓரிரவு, வெளிநாட்டுச் செய்தி நிறுவனமொன்றின் குறிப்பு என் கைக்கு வந்தது. ஏழெட்டு வரிகள்தான் இருக்கும். மெதெயின் நகரில் ஆயிரக்கணக்கானோர் திறந்தவெளியில் அமர்ந்து பல நாட்டுக் கவிஞர்களின் கவிதைகளைக் கேட்டனர் என்பதே செய்தி. வடக்கிலிருந்து வந்த இழப்புக் கணக்கு அன்று பக்கத்தை நிரப்பியிருந்தது. ஆயினும் வெளிநாட்டுப் பக்கத்தின் ஒரு மூலையில் அந்த ஏழு வரிகளுக்கு இடம் இல்லாமற் போகவில்லை. பக்கத்து மேசை நண்பர் எட்டிப் பார்த்துவிட்டு, "அந்த ஊரிலா கவிதை?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். குறிப்பு குப்பைக் கூடைக்குப் போயிற்று. அன்று அதே ஊரில் பத்துப் பேர் சுடப்பட்டதாகச் செய்தி வந்திருந்தால் நிச்சயமாகப் போட்டிருப்பேன். அந்தத் தவறுக்குக் கழுவாயாகவே இதனை எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளலாம்.

மெதெயின் அந்தியோக்கியா மாநிலத்தின் தலைநகர். அந்தீஸ் மலைகளுக்கிடையே ஒரு பள்ளத்தாக்கில் அமைந்தது. ஆண்டு முழுவதும் இதமான காலநிலை நிலவுவதால் 'நித்திய வசந்தத்தின் நகரம்' என அதனை அழைப்பர். நெசவாலைகளால் வளர்ந்த ஊர். நாட்டுப்புறத்து வன்முறைக்கு அஞ்சி ஓடிவந்த ஏழைகள் பள்ளத்தாக்கின் இருமருங்கும் உள்ள மலைச்சரிவுகளில் செங்கற் குடிசைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் குடியேறினர். அந்தச் சரிவுகளிலிருந்தே பப்லோ எஸ்கோபார் தன் கொலையாளிகளைத் திரட்டினான். மோட்டார்ச் சைக்கிளில் இருவராக வருவார்கள். முன்னிருப்பவன் ஓட்டுவான், பின்னிருப்பவன் சுடுவான். பலர் இன்னும் மீசை அரும்பாத பையன்கள்.

பத்திரிகைக்காரன் என்ற வகையில் அக்கொலைகளுள் ஒன்று என்னை விட்டு அகலாதது. பொகொற்றாவிலிருந்து வெளிவரும் 'எல் எஸ்பெக்டடோர்' நாளிதழின் ஆசிரியர் கியெர்மோ கானோ 1986 டிசம்பர் 17 ஆம் திகதி மாலை தம் அலுவலகத்திலிருந்து வெளியேறுகையில் சுட்டுக் கொல்லப்பட்டார். எஸ்கோபார் கொலம்பிய நாடாளுமன்றத்தில் மாற்று உறுப்பினனாக வெள்ளைச் சட்டையுடன் வலம்வந்த 1983 இல், அவன் 1976 இல் போதைப்பொருளுடன் கைதான பழைய செய்தியைத் தம் இதழின் கோப்பிலிருந்து தேடியெடுத்து மீண்டும் அச்சிட்டவர் கானோ. ஒரு பழைய பத்திரிகைத் துணுக்கின் விலை ஓர் ஆசிரியரின் உயிர். 1989 செப்டெம்பரில் அந்த இதழின் கட்டிடமே குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டது. மறுநாளும் இதழ் வெளிவந்தது. பின்னாளில் யுனெஸ்கோ நிறுவனம் பத்திரிகைச் சுதந்திரத்துக்கான தனது உலகப் பரிசுக்குக் கானோவின் பெயரைச் சூட்டிற்று. 2009 இல் அப்பரிசு, அவ்வாண்டு ஜனவரி 8 ஆம் திகதி காலை கொழும்புக்கருகே மோட்டார்ச் சைக்கிளில் வந்தோரால் கொல்லப்பட்ட நம் நாட்டுப் பத்திரிகை ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்கவுக்கு, அவர் மறைவின் பின் வழங்கப்பட்டது. கொலம்பியா எனக்குத் தூர தேசமாகத் தோன்றாமற் போனது அன்றிலிருந்துதான்.

இன்னுமொரு கொலையையும் சொல்லவேண்டும், ஏனெனில் அதில் ஒரு கவிதை இருக்கிறது. எக்டோர் அபாத் கோமெஸ் மெதெயினில் ஒரு மருத்துவப் பேராசிரியர். சேரிகளில் குடிநீரும் தடுப்பூசியும் கிடைக்கவேண்டும் எனப் பாடுபட்டவர். மனித உரிமைக்காகக் குரல் கொடுத்ததனால் வலதுசாரி ஆயுதக் கும்பல்களின் பகையைச் சம்பாதித்தவர். 1987 ஆகஸ்ட் 25 ஆம் திகதி காலை ஆசிரியர் சங்கத் தலைவரொருவர் கொல்லப்பட்டார். அன்று மாலை அவருக்கு அஞ்சலி செலுத்தச் சென்ற இடத்தில் அபாத் கோமெஸும் சுடப்பட்டார். அவரது சட்டைப் பையிலே இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று, கொல்லப்பட வேண்டியோரென அச்சுறுத்தப்பட்டவர்களின் பட்டியல். மற்றையது அவர் தம் கையால் எழுதி வைத்திருந்த ஒரு கவிதை. ஆர்ஜென்ரீனக் கவிஞர் போர்ஹெஸ் எழுதியதாகக் கருதப்படுவது. தந்தையின் வாழ்வு பற்றி மகன் 2006 இல் வெளியிட்ட நூலின் தலைப்பு அக்கவிதையின் தொடக்கத்திலிருந்தே எடுக்கப்பட்டது. கொலைப்பட்டியலும் கவிதையும் ஒரே பையில் இருந்த அந்த நிலைதான் அக்காலத்து மெதெயின்.

1991 இல் நிலைமை உச்சத்தைத் தொட்டது. அவ்வாண்டு மட்டும் அந்நகரில் 6000 பேருக்கு மேற்பட்டோர் கொலையுண்டனர். இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 380 பேர் என்ற கணக்கு. போர் நடக்காத எந்த நகரிலும் கேள்விப்படாத தொகை. பெப்ரவரி 16 இல், நகரின் மாட்டுச்சண்டை அரங்கிலிருந்து சனம் வெளியேறிக்கொண்டிருந்த வேளை வெடித்த குண்டு இருபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அதன் பின் எவர் சனக்கூட்டத்துக்குள் போவார்? இருட்டுமுன் வீடு திரும்புவதும், சந்தியில் நால்வர் நின்றால் விலகிப் போவதும், மோட்டார்ச் சைக்கிள் ஒலி கேட்டால் சுவரோடு ஒட்டுவதும் பழக்கமாகிவிட்டன. அரசு போடாத ஊரடங்கு அது. நம்மவர்களுக்கு அதனை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

அந்தக் குண்டு வெடித்து இரண்டு மாதங்கள் கழித்து, ஏப்ரலில், நகர் நடுவேயுள்ள நூத்திபாராக் குன்றின் திறந்தவெளி அரங்கில் கவிதை வாசிக்கப் போவதாகச் சிலர் அறிவித்தனர். 'புரொமெதெயோ' என்ற சிற்றிதழை 1982 முதல் நடத்திவந்த இளைஞர்கள் அவர்கள். வானவரிடமிருந்து தீயைத் திருடி மாந்தருக்குக் கொடுத்த கிரேக்கப் புராண வீரனின் பெயர் அது. பெர்னாண்டோ றெண்டோன் என்ற கவிஞர் அவர்களுள் முதன்மையானவர். ஆன்ஹெலா கார்சியா என்ற பெண் கவிஞரும் உடனிருந்தார். பணம் இல்லை, அரசின் ஆதரவும் இல்லை. கவிதை படித்தோர் பத்துப் பதினைந்து பேர், எல்லோரும் கொலம்பியர். ஒரு நாள் நிகழ்வு. கேட்க வந்தவர்களோ ஏறத்தாழ 1500 பேர்!

சிற்றிதழ் நடத்தியவர்களுக்கு இத்தொகையின் பொருள் விளங்கும். இருநூறு பிரதி விற்பதற்கே கால் தேயும். கவிஞர்களுக்கும் அவர்தம் உறவினருக்கும் அப்பாற்பட்ட ஆயிரத்துச் சொச்சம் பேர், குண்டுக்கு அஞ்சாமல் ஒரு குன்றின்மேல் வந்து அமர்ந்தார்கள் என்றால், அவர்களை இழுத்தது கவிதை மட்டுமாக இருந்திருக்க முடியாது என்பது எனது துணிபு. ஒன்றாக அமர்வதற்கு ஒரு காரணத்தை அந்த நகரம் தேடிக்கொண்டிருந்திருக்கவேண்டும். அரசியற் கூட்டம் என்றால் சுடுவார்கள். உதைபந்தாட்டத்துக்கும் போதைப் பணத்தின் நிழல் படிந்திருந்தது. கவிதையை எவரும் பொருட்படுத்தவில்லை. ஆயுதம் தாங்கியவர்கள் அதனைப் பயனற்ற பொருள் என எண்ணினர். அந்த அலட்சியமே கவிதைக்குக் காவலாயிற்று.

எஸ்கோபார் அவ்வாண்டு ஜூனில் சரணடைந்து, தானே கட்டிய சிறையில் சுகபோகமாக இருந்து, அடுத்த ஆண்டு தப்பியோடி, 1993 டிசம்பர் 2 இல் கொல்லப்பட்டான். விழா அதற்குள் சர்வதேச விழாவாகிவிட்டது. வர வர எழுபது, எண்பது கவிஞர்கள் பல கண்டங்களிலிருந்தும் வரலாயினர். ஒரு நாள் என்பது பத்து நாள் வரை நீண்டது. நகரின் பூங்காக்கள், பல்கலைக்கழகங்கள், நூலகங்கள், சிறைச்சாலைகள், மலைச்சரிவுச் சேரிகள், அயலூர்கள் எனப் பல இடங்களில் ஒரே நேரத்தில் வாசிப்பு நடக்கும். எங்கும் அனுமதி இலவசம்.

வாசிக்கும் முறையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். கவிஞர் முதலில் தம் தாய்மொழியிலேயே படிப்பார். அது சீனமாக இருக்கலாம், அரபாக இருக்கலாம், அமேசன் காட்டுப் பழங்குடியின் மொழியாக இருக்கலாம். கேட்போருள் பெரும்பாலோருக்கு ஒரு சொல்லும் விளங்காது. ஆயினும் அமைதியாகக் கேட்பார்கள். அதன் பின்னரே ஸ்பானிய மொழிபெயர்ப்பு இன்னொரு குரலில் ஒலிக்கும்.

நமது கவியரங்கத்தை நினைத்துப் பாருங்கள். தலைமைக் கவிஞர் ஒருவர். முன்கூட்டியே கொடுத்த தலைப்பு. ஒவ்வொருவரையும் வெண்பாவிலோ விருத்தத்திலோ வரவேற்று, இடையிடையே குத்தலும் வைப்பார். சபையோர் "மீண்டும் ஒருமுறை" என்று கேட்டால் கவிஞருக்கு வெற்றி. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வானொலியிலே கவியரங்கம் கேட்டு வளர்ந்தவன் நான். மஹாகவியும் முருகையனும் நீலாவணனும் சில்லையூர் செல்வராசனும் அந்த மேடைகளிலே தமிழைப் பேச்சுமொழிக்கு அருகே கொண்டுவந்த அழகு சாதாரணமானதன்று. ஆனாலும் கவியரங்கம் அடிப்படையிலே சாமர்த்தியத்தின் அரங்கு. எதிர்பாராத எதுகையிலே கைதட்டல் பிறக்கும். மெதெயினில் நடப்பதோ பொறுமையின் அரங்கு. விளங்காத மொழியை விளங்காதென்று தெரிந்தும் இருந்து கேட்பது ஒரு பயிற்சி. தன் தெருவுக்கு அடுத்த தெருக்காரனின் பேச்சையே கேட்கப் பொறாத ஊரிலே அப்பயிற்சி அற்பமானதன்று.

நாமும் அதற்கு அருகே ஒருமுறை போயிருந்தோம். எண்பதுகளின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் 'கவிதா நிகழ்வு' என்ற பெயரில் கவிதைகளைப் பாடியும் நடித்தும் ஊர்களுக்குக் கொண்டுசென்றனர். நூலகம் எரிந்த 1981 இன் புகை அடங்காத காலம். கவிதை கேட்டறியாத சனமும் நின்று கேட்டது. 1985 இல் வெளிவந்த 'மரணத்துள் வாழ்வோம்' தொகுப்பு அக்காலத்தின் குரல். பின்னர் என்ன நடந்தது? மெதெயினிலே 1500 பேர் குன்றேறிய அதே 1991 இல், மே மாதத்தில், யாழ்ப்பாணத்துக் கவிஞர் சிவரமணி தம் கைக்கெட்டிய கவிதைகளை எரித்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். ஆகஸ்டில் பல்கலைக்கழக மாணவியும் கவிஞருமான செல்வியை விடுதலைப் புலிகள் கொண்டுசென்றனர். அவர் திரும்பி வரவேயில்லை. தடுப்பிலிருந்த காலத்தில், 1992 இல், சர்வதேசக் கவிதை விருதொன்று அவருக்கு வழங்கப்பட்டது. 1990 பெப்ரவரியில் கொழும்பிலே, ஆங்கிலக் கவிஞரும் பத்திரிகையாளருமான ரிச்சர்ட் டி சொய்சாவை ஆயுததாரிகள் வீட்டிலிருந்து இழுத்துச் சென்றனர். மறுநாள் மொறட்டுவைக் கரையிலே சடலம் ஒதுங்கிற்று. மெதெயினிலே ஆயுதக்காரர் கவிதையை அலட்சியம் செய்தார்கள் என்றேன். நம் நாட்டிலே எல்லாத் தரப்பு ஆயுதக்காரரும் அதனை மிகச் சரியாக மதிப்பிட்டிருந்தார்கள். சிறிது கசப்புடன்தான் இதனை எழுதுகிறேன்.

2006 இல் மெதெயின் விழாவுக்கு 'மாற்று நோபல்' எனப்படும் சுவீடனின் றைற் லைவ்லிஹூட் விருது கிடைத்தது. அதே ஆண்டு அவ்விருதைப் பெற்றோருள் சென்னையிலே பிறந்த தலித் பெண்கள் உரிமைப் போராளி ரூத் மனோரமாவும் ஒருவர். வியட்நாம் போரின் இரகசிய ஆவணங்களைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்த டானியல் எல்ஸ்பேர்க் இன்னொருவர். இந்த வரிசையில் ஒரு கவிதை விழா வைத்தெண்ணப்பட்டமை குறிப்பிடத்தக்கது.

விருதுக்குப் பின் ஒரு கதை பரவலாயிற்று: கொலைநகரைக் கவிதை குணப்படுத்தியது என்பது அது. கேட்க இனிமையான கதை. ஆனால் கணக்குப் பார்க்கும் தொழிலில் இருந்தவனால் அதனை அப்படியே விழுங்க முடியவில்லை. மெதெயினின் கொலைத்தொகை பெருமளவு வீழ்ந்தது 2002 இற்குப் பிறகுதான். அவ்வாண்டு ஒக்டோபரில் இராணுவமும் பொலிஸாரும் 'ஒறியோன் நடவடிக்கை' என்ற பெயரில் பதின்மூன்றாம் கொமூனா என்ற மேற்குச் சரிவுக் குடியிருப்பினுள் புகுந்தனர். கெரில்லாக்கள் வெளியேற, துணைப்படைக் கும்பலொன்று அவ்விடத்தைப் பிடித்தது. அதன் தலைவன் டொன் பெர்னாவின் சொல்லுக்கு நகரின் கொலையாளிகள் கட்டுப்பட்டமையே கொலைகள் குறைந்தமைக்கு ஒரு பெருங்காரணம் என்பர். அவன் 2008 இல் அமெரிக்காவுக்கு நாடுகடத்தப்பட்டதும் வாரிசுச் சண்டை மூண்டு 2009 இல் கொலைகள் இரட்டிப்புக்கு மேல் கூடின. மறுபுறத்தில், கணிதப் பேராசிரியரான செர்ஹியோ பஹார்தோ 2004 முதல் 2007 வரை மேயராக இருந்தபோது சேரிகளுக்கு நூலகங்களும் பள்ளிகளும் கொண்டுவந்தார். மலைச்சரிவுக்கு ஏறும் கம்பிவடப் போக்குவரத்தும் 2004 இல் தொடங்கிற்று. இவற்றின் நடுவே கவிதையின் பங்கு எவ்வளவு என அளக்க எந்தத் தராசும் கிடையாது.

அதைவிடக் கடினமான கேள்வி 2016 இல் எழுந்தது. ஐம்பதாண்டுப் போரை முடிக்கும் சமாதான உடன்படிக்கை அவ்வாண்டு ஒக்டோபர் 2 இல் சர்வசன வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. நாடளாவிய ரீதியில் மயிரிழையிலே தோற்றது. மெதெயினிலோ தெளிவான பெரும்பான்மையினர் 'வேண்டாம்' என்றே வாக்களித்தனர். கால் நூற்றாண்டாகச் சமாதானத்தின் பெயரிலே கவிதை கேட்ட நகரம்! இச்செய்தியை வாசித்த அன்று, குப்பைக் கூடைக்குப் போன அந்த ஏழு வரிகள் நினைவுக்கு வந்து, அன்று சிரித்தது சரிதானோ என்றுகூட ஒரு கணம் எண்ணினேன்.

எண்ணம் நிலைக்கவில்லை. வாக்கை மாற்றுவது விழாவின் வேலையன்று. விழா செய்தது வேறு. 1991 இல் ஒருவரையொருவர் அஞ்சி விலகிய மனிதரை அது அருகருகே அமர்த்தியது. சிறைக்குள்ளும் சேரிக்குள்ளும் கவிஞர்களைக் கூட்டிச் சென்று, அங்கிருப்போரும் கேட்பதற்குரியோர் என்று காட்டியது. ஊர்ச் சந்திகளைக் கொலையாளிகளிடமிருந்து சில மணி நேரமாவது திரும்பப் பெற்றது. பொதுவெளி என்று ஒன்று மீண்டும் இல்லாவிட்டால் நூலகம் கட்டி யாது பயன்? யார் அங்கு போய் அமர்வார்? பின்னாளில் வந்த மேயர்களின் வேலைக்கு முன்னமே சிலர் சம்பளமின்றி அத்திவாரம் வெட்டியிருந்தார்கள் என்றளவில் நான் ஒப்புக்கொள்வேன்.

கேட்கப் பழகுவது சிறு காரியமன்று என்பதற்கு அதே பதின்மூன்றாம் கொமூனாவே சான்று. ஒறியோன் நடவடிக்கைக் காலத்தில் காணாமற் போன தம் பிள்ளைகள், மலைச்சரிவின் கட்டிட இடிபாடு கொட்டும் மேட்டிலே புதைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று தாய்மார் இருபதாண்டுக்கு மேலாகச் சொல்லிவந்தனர். கேட்பாரில்லை. 2024 டிசம்பரில் அம்மேட்டைத் தோண்டியபோது எலும்புகள் வெளிப்பட்டன. அடுத்த மாதம் இளைஞர்கள் நகரச் சுவரொன்றிலே, தாய்மார் சொன்னதே சரி என்று பெரிதாக எழுதினார்கள். நகர நிர்வாகம் சாம்பல் நிறம் பூசி அழித்தது. இளைஞர்கள் மீண்டும் எழுதினார்கள். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017 முதல் தெருவோரக் கொட்டகைகளில் அமர்ந்த நம் தாய்மாரை அறிந்தவர்களுக்கு அச்சுவரெழுத்தின் மொழி விளங்கும்.

விழா இன்றும் ஆண்டுதோறும் நடந்துவருகிறது. 2011 ஜூலையிலே பல நாடுகளின் கவிதை விழா அமைப்பாளர்கள் அங்கு கூடி உலகக் கவிதை இயக்கம் என்றோர் அமைப்பையும் தொடங்கினர். பெருந்தொற்று வந்த 2020 இல் இணையத்தின் வழியே நடத்தினர்.

நான் மெதெயினுக்குப் போனதில்லை. இனிப் போகும் வயதுமில்லை. நிறைவுநாள் வாசிப்பின் ஒளிப்பதிவுகளைப் பார்த்திருக்கிறேன். அதே நூத்திபாராக் குன்று, அதே கல்லடுக்கு அரங்கு. மணிக்கணக்காக நீளும் நிகழ்வு. அவ்வூரிலே பிற்பகல் மழை சொல்லாமல் வரும். மேடையிலே எனக்கும் அவர்களுக்கும் விளங்காத மொழியொன்றில் ஒருவர் படித்துக்கொண்டிருக்கிறார். மழை வலுக்கிறது. சிலர் குடை விரிக்கின்றனர், சிலர் பிளாஸ்ரிக் விரிப்பைத் தலைக்குமேல் நாலைந்து பேராகப் பிடித்துக்கொள்கின்றனர். எழுந்து போவோரை நான் தேடிப் பார்த்தேன். அதிகம் பேர் இல்லை.